ஆர்எக்ஸ்-8 ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா? ரோட்டரி இன்ஜின் கம்ப்ரஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களும், பழைய வண்டி ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. 2003 முதல் 2012 வரை வந்த இந்த வண்டியில் இருப்பது ரெனிசிஸ் என்ற இரண்டு ரோட்டர் இன்ஜின். பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர்கள் இதில் சுற்றுகின்றன. நல்ல நிலையில் உள்ள இன்ஜின்கள்கூட அளந்து பார்க்காமலே "போச்சு" என்ற தீர்ப்போடு இறக்கப்படுகின்றன. உண்மையிலேயே தேய்ந்துபோன இன்ஜின்களுக்கோ பேட்டரி, பிளக், காயில் என்று ஒவ்வொன்றாகக் காசு கொட்டப்படுகிறது. இரண்டுமே தவிர்க்கக்கூடியவை.

செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா இன்ஜின் பிடிக்க மாட்டேங்குது. இன்ஜின் போச்சா?

அப்படி முடிவு கட்ட வேண்டாம். எந்தப் பெட்ரோல் இன்ஜினையும் போல இதற்கும் நான்கு விஷயங்கள் வேண்டும்: போதுமான வேகத்தில் சுற்றும் செல்ஃப், தீப்பொறி, சரியான அளவு பெட்ரோல், கம்ப்ரஷன் (அறைக்குள் காற்றும் பெட்ரோலும் அழுத்தப்படும் அளவு). முதல் மூன்றும் சல்லிசாகச் சரிபார்க்கக்கூடியவை, கடைசியில் கை வைத்தால் செலவு பெரிது. அதனால் பார்க்க வேண்டிய வரிசையும் அதுதான்.

ரோட்டரியில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. இந்த நான்கும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். பேட்டரி பலவீனமானால் செல்ஃப் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால், ரோட்டருக்கும் சுவருக்கும் நடுவில் வாயு கசியாமல் தடுக்கும் சீல்கள் சரியாக அடைக்காது, கம்ப்ரஷன் குறையும். கம்ப்ரஷன் குறைந்தால் பெட்ரோல் எரியாமல் தேங்கிப் பிளக்கை நனைக்கும். கடைசியில் பார்க்கிறவருக்குக் கண்ணில் படுவது நனைந்த பிளக் மட்டும்தான்.

கம்ப்ரஷன் குறைவா இருந்தா ஓட்டும்போதே தெரியாதா?

பல நேரம் தெரியாது. ரோட்டர் வேகமாகச் சுற்றும்போது வாயு கசிய நேரம் கிடைப்பதில்லை. 5,000 ஆர்பிஎம்மில் நன்றாக இழுக்கும் வண்டி, செல்ஃப் சுற்றும் 250 ஆர்பிஎம்மில் கோட்டை விடும். அதனால்தான் இந்த நோய் ஓட்டத்தில் தெரிவதற்கு முன்பே ஸ்டார்ட்டிங்கில் தெரிந்துவிடுகிறது.

காலையில ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுது. பெட்ரோல் போட நிறுத்திட்டு திரும்ப எடுத்தா ஆகவே மாட்டேங்குது. ஏன்?

கம்ப்ரஷன் குறைந்த ரோட்டரியின் முதல் அடையாளமே இதுதான். குளிர்ந்த இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருந்து இடைவெளிகளை ஓரளவு அடைக்கிறது. சூடானதும் அதே ஆயில் நீர்த்துப்போகிறது. அந்த உதவி இல்லாமல் சீல்கள் தங்கள் சொந்த பலத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. போதாததற்குச் சூட்டில் ஊறிய செல்ஃப் மோட்டாரும் மெதுவாகச் சுற்றும்.

இருந்தாலும் இந்த ஒரு அறிகுறியை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. தளர்ந்த பெட்ரோல் பம்ப், தேய்ந்த செல்ஃப், துருவேறிய எர்த் வயர் இவையும் சூட்டில்தான் காட்டிக்கொடுக்கும். சூட்டில் ஸ்டார்ட் ஆக ஐந்து நொடிக்கு மேல் பிடிக்கிறது, அது மாதத்துக்கு மாதம் கூடுகிறது என்றால், கம்ப்ரஷன் அளக்க நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரை ட்ரைவ்வேயில இருந்து வெளிய எடுத்து, ஸ்னோ தள்ளிப்போட்டு திரும்ப உள்ள விட்டனான். அடுத்த நாள் ஸ்டார்ட் வருதில்ல. என்ன செய்யிறது?

கனடாவில் இருக்கும் நம்மவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கேட்பது. இது ஃப்ளடிங். குளிர்ந்த இன்ஜினுக்குக் கணினி அதிகப் பெட்ரோல் கொடுக்கும். அரை நிமிடத்தில் அணைத்துவிட்டால் அந்தப் பெட்ரோல் அறைகளில் தங்கி, சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். ஆயில் போனால் சீல் அடைப்பும் போகும், பிளக்கும் நனையும். நல்ல இன்ஜினுக்கும் இது வரும். தேய்ந்த இன்ஜினுக்கு அடிக்கடி வரும்.

முதலில் எளிய வழி: ஆக்சிலரேட்டரைத் தரையோடு முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். அப்படி மிதித்திருக்கும்போது கணினி இன்ஜெக்டர்களை நிறுத்திவிடும், காற்று மட்டும் போய் உள்ளே இருப்பதைத் துடைத்துத் தள்ளும். ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் வேண்டாம். நடுவில் செல்ஃப் ஆறட்டும். பேட்டரிக்கு சார்ஜர் மாட்டி வைத்துக்கொண்டு செய்வது நல்லது. இதில் சரியாகவில்லை என்றால் நான்கு பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்பையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, செல்ஃப் சுற்றி உள்ளே இருப்பதை வெளியேற்ற வேண்டும். பிளக் துளைகளிலிருந்து பெட்ரோல் பீச்சும், அருகே நெருப்பு எதுவும் கூடாது. பிறகு ஒவ்வொரு ரோட்டருக்கும் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, காய்ந்த பிளக் போட்டு முயன்றால் பெரும்பாலும் பிடித்துவிடும். கொஞ்ச நேரம் புகை கக்கும், பயப்பட வேண்டாம். இன்ஜின் முழுதாகச் சூடேறும் வரை அணைக்காதீர்கள். மோசமாக ஃப்ளட் ஆன வண்டியில் ஆயிலோடு பெட்ரோல் கலந்திருக்கும், ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

இனிமேல் வராமல் இருக்க வழி ஒன்றுதான்: ஸ்டார்ட் செய்தால் சூடேறிய பிறகே அணைப்பது.

பேட்டரி புதுசு. செல்ஃபையும் பார்க்கணுமா?

கட்டாயம். முதல் சில ஆண்டுகளில் வந்த ஆர்எக்ஸ்-8களில் இருந்த செல்ஃப் மோட்டார் வேகம் போதாதது. பின்னாளில் மாஸ்டாவே வேகமாகச் சுற்றும் மோட்டாரைக் கொண்டுவந்தது. இந்த இன்ஜினுக்கு 250 ஆர்பிஎம் என்பது அளவுகோல். வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 200க்குக் கீழே இருந்தால் மற்ற எதையும் சந்தேகப்படும் முன் பேட்டரி முனைகள், எர்த் வயர், செல்ஃப் மூன்றையும் சரிசெய்யுங்கள்.

வேகமான செல்ஃப் போட்டதும் ஹாட் ஸ்டார்ட் பிரச்சினை போயிடுச்சு. அப்போ இன்ஜின் நல்லா இருக்குன்னு அர்த்தமா?

இல்லை. செல்ஃப் வேகம் கூடினால் கம்ப்ரஷனும் கூடும், ஓரத்தில் நிற்கும் இன்ஜின் அந்த உதவியில் பிடித்துக்கொள்ளும். பழைய செல்ஃப் உண்மையிலேயே மெதுவாக இருந்திருந்தால் பிரச்சினை தீர்ந்தது. அது 250ஐத் தொட்டுக்கொண்டிருந்தது என்றால், நீங்கள் வாங்கியது அவகாசம் மட்டுமே. அதுவும் பயனுள்ளதுதான், ஒரு வருடம்கூட ஓடலாம். ஆனால் அந்த வண்டியை "இன்ஜின் சூப்பர்" என்று இன்னொருவரிடம் விற்பது நியாயமில்லை.

பிளக், காயில்ல என்ன பார்க்கணும்?

ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக்: கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். இரண்டும் ஒரே பிளக் இல்லை, வெப்ப அளவு வேறு. மாற்றி மாட்டியிருந்தால் சரியாக ஓடாது. பழைய வண்டி வாங்கியதும் முதல் வேலையாக இதைக் கழற்றிப் பாருங்கள். காயில்கள் நான்கு. இந்த வண்டியின் பலவீனமான உறுப்பு அவைதான், 50,000 கிலோமீட்டர் வாக்கில் நான்கையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிப்பதில் நேரம்தான் வீண்.

மிஸ்ஸிங் அடிக்கும்போது (ஒரு ரோட்டரில் பெட்ரோல் எரியாமல் போகும்போது) கணினியில் பி0301 என்ற கோளாறு எண் வந்தால் முன் ரோட்டர், பி0302 வந்தால் பின் ரோட்டர். மிஸ்ஸிங்கோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கி அடைத்துவிடும். அடைத்த கன்வெர்ட்டரால் சூடு திரும்பி இன்ஜினுக்கே வரும். மலிவான காயிலைத் தள்ளிப்போட்டு இன்ஜினை இழந்தவர்கள் நிறைய.

எங்க மெக்கானிக் சாதாரண கம்ப்ரஷன் கேஜ் வச்சுப் பார்த்து "நல்லாருக்கு"ன்னு சொல்லிட்டார். போதாதா?

போதாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள், மூன்று தனித்தனி அறைகள். பிஸ்டன் இன்ஜினுக்கான கேஜில் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கும். அது மூன்றில் அதிகமானதை மட்டும் காட்டும். இரண்டு முகம் செத்து ஒன்று மட்டும் நன்றாக இருந்தாலும் கேஜ் "நல்லாருக்கு" என்றே சொல்லும்.

ரோட்டரிக்கென்றே இருக்கும் டெஸ்டர் மூன்று முகங்களையும் தனித்தனியாக, செல்ஃப் வேகத்தோடு சேர்த்துப் பதிவு செய்யும். அது கிடைக்காத ஊரில், சாதாரண கேஜின் வால்வை எடுத்துவிட்டு முள் துள்ளுவதைப் போனில் ஸ்லோ மோஷனில் படம் பிடிக்கலாம். 250 ஆர்பிஎம்மில் நொடிக்கு நான்கு துள்ளல் வரும். மூன்றும் ஒரே உயரம் துள்ளுகின்றனவா என்று தெரிந்துவிடும். எண் கிடைக்காது, சமமா இல்லையா என்பது மட்டும் கிடைக்கும். அதுவே பாதி விடை.

டெஸ்ட் எப்படி எடுக்கணும்?

இன்ஜின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். பேட்டரி முழு சார்ஜில். பெட்ரோலும் தீப்பொறியும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். ரோட்டருக்கு ஒரு பிளக்கைக் கழற்றி டெஸ்டரை மாட்டி, மற்ற பிளக் அப்படியே இருக்க, ஐந்து முதல் பத்து நொடி சுற்றினால் போதும். பிறகு அடுத்த ரோட்டர். மொத்தம் ஆறு எண்கள், இரண்டு ஆர்பிஎம்.

ஃப்ளட் ஆன வண்டிக்கு ஆயில் விட்டு எழுப்பிய உடனே டெஸ்ட் எடுக்காதீர்கள். அந்த ஆயில் எண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். ஒரு நாள் ஓட்டிவிட்டு எடுங்கள்.

எத்தனை இருந்தா நல்லது, எத்தனைக்குக் கீழ போனா ஆபத்து?

மாஸ்டாவின் கணக்கு 250 ஆர்பிஎம்முக்கு: புது இன்ஜின் அளவு 830 கிலோபாஸ்கல், அதாவது 120 பிஎஸ்ஐ. குறைந்தபட்சம் 680, அதாவது ஏறத்தாழ 99 பிஎஸ்ஐ. ஒரே ரோட்டரின் முகங்களுக்கு இடையே 150க்கு மேல் வித்தியாசம் கூடாது. இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 100க்கு மேல் கூடாது.

ஆர்பிஎம் எழுதாத எண்ணை நான் எண்ணாகவே எடுத்துக்கொள்வதில்லை. 300 ஆர்பிஎம்மில் வந்த 700, பார்க்கத் தேறியது போல இருந்தாலும் 250க்குத் திருத்தினால் கோட்டுக்குக் கீழே போய்விடும். 200 ஆர்பிஎம்மில் வந்த 650 தேறிவிடக்கூடும். உயரமும் கணக்கில் வரும்: கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் கால்கரியில் காற்றழுத்தமே பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைவு, கம்ப்ரஷனும் அந்த அளவு குறைத்தே காட்டும்.

ஆறு நம்பர் வந்துடுச்சு. அதை எப்படிப் படிக்கிறது?

இந்த இன்ஜினில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். பிரிக்காமலே உள்ளே எந்த சீல் போயிருக்கிறது என்று எண்கள் சொல்லிவிடும். ரோட்டரின் ஒவ்வொரு முனையிலும் ஒரு அபெக்ஸ் சீல் இருக்கிறது. அது இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ள பொதுச் சுவர். அது உடைந்தாலோ தேய்ந்தாலோ இரண்டு பக்க அறைகளும் சேர்ந்தே விழும். உதாரணமாக 250 ஆர்பிஎம்மில் முன் ரோட்டர் 760, 750, 770. பின் ரோட்டர் 740, 560, 580 என்றால், பின் ரோட்டரில் அந்த இரண்டு முகங்களுக்கு நடுவில் இருக்கும் அபெக்ஸ் சீலில்தான் கோளாறு. பின் ரோட்டர் 750, 560, 740 என்று ஒரே ஒரு முகம் மட்டும் விழுந்திருந்தால், அந்த முகத்தின் பக்கவாட்டில் இருக்கும் சைடு சீலைச் சந்தேகிக்க வேண்டும். அது அந்த ஒரு அறைக்கு மட்டும் உரியது.

ஆறும் ஏறத்தாழ 640 என்றால் உடைந்தது எதுவுமில்லை, எல்லாம் சமமாகத் தேய்ந்திருக்கிறது. கிலோமீட்டர் அதிகம் ஓடிய வண்டிகளில் அதிகம் பார்ப்பது இதுவே. ஒரு ரோட்டர் முழுக்க நன்றாக, மற்றது முழுக்கக் குறைவாக இருந்தால் அந்தப் பக்கத்து ஹவுசிங் (ரோட்டர் சுற்றும் கூடு), அந்த ரோட்டருக்கு ஆயில் தரும் இன்ஜெக்டர் இரண்டையும் பாருங்கள். ஆறும் 600, ஆனால் சுற்றியது 190 ஆர்பிஎம் என்றால் இன்னும் எதுவும் சொல்ல முடியாது. செல்ஃபைச் சரிசெய்துவிட்டு மறுபடி எடுங்கள்.

டெஸ்டரே இல்ல. காதால கேட்டுச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துச் செல்ஃப் அடித்துக் கேளுங்கள். ஆரோக்கியமான இன்ஜின் புஸ்-புஸ்-புஸ் என்று ஒரே சீராக மூச்சு விடும். ஒரு முகம் போயிருந்தால் தாளத்தில் ஓட்டை விழும், அந்த இடத்தில் செல்ஃப் சட்டென்று வேகம் பிடிக்கும். ஆனால் ஆறும் சமமாகத் தேய்ந்த இன்ஜின் காதுக்குச் சீராகவே கேட்கும். அதனால் காது "கெட்டது" என்று சொன்னால் நம்பலாம், "நல்லது" என்று சொன்னால் நம்பக் கூடாது.

அபெக்ஸ் சீல் ஏன் இப்படிப் போகுது? மாஸ்டா இதைச் சரி பண்ணவே இல்லையா?

நிறையப் பண்ணியிருக்கிறது. 1960களில் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் இருந்த பொறியாளர் குழு சோதனை இன்ஜின்களைப் பிரித்தபோது ஹவுசிங்கின் உள்சுவர் முழுக்க அலை அலையாகக் கீறல்கள் இருந்தன. 'சாத்தானின் நகக்கீறல்' என்றே அதைச் சொன்னார்கள். சீல் அதிர்ந்து தாவித் தாவி ஓடியதால் வந்தவை அவை. கார்பனும் அலுமினியமும் கலந்த சீல் செய்து அதைத் தீர்த்த பிறகுதான் 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது.

ரெனிசிஸில் பெரும்பாலும் நடப்பது உடைவு அல்ல, தேய்வு. சீலுக்கு மசகு கொடுக்க ஒரு சிறிய பம்ப் இன்ஜின் ஆயிலையே அறைக்குள் அளந்து விடுகிறது. 2008 வரை வந்த வண்டிகளில் ரோட்டருக்கு இரண்டு ஆயில் இன்ஜெக்டர்கள். பிறகு வந்தவற்றில் மூன்று. மூன்றாவதைச் சேர்த்ததே முன்பு போதவில்லை என்பதற்குச் சாட்சி. வட அமெரிக்காவில் 2004–2008 மாடல்களுக்கு இன்ஜின் வாரண்டியை 8 ஆண்டு, 1,00,000 மைல் என்று மாஸ்டா நீட்டியதும் இந்தப் பின்னணியில்தான். அந்தக் காலக்கெடுவெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது.

அப்போ ஆயில் குடிக்கிறது கோளாறு இல்லையா?

இல்லை, அது குடிக்கத்தான் வேண்டும். ஆயில் குறையவே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும், அளந்து விடும் பம்போ இன்ஜெக்டரோ வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒன்றுவிட்டு ஒரு பெட்ரோல் நிரப்பலுக்கு டிப்ஸ்டிக் பாருங்கள். பெட்ரோலில் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஓட்டுபவர்களும் உண்டு. தேய்வைத் தள்ளிப்போட அது உதவும், தேய்ந்ததைத் திருப்பித் தராது.

கார்பன் கிளீனர் ஊத்தினா கம்ப்ரஷன் ஏறும்னு சொல்றாங்களே?

சைடு சீல் கார்பனில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஏறும். மெதுவாகவே ஓட்டப்பட்டு, குறைந்த தூரப் பயணமே செய்த வண்டிகளில் இப்படி ஆவது உண்டு. மேலே சொன்ன 750, 560, 740 மாதிரி எண் வந்தால் பிரிப்பதற்கு முன் ஒரு முறை முயல்வதில் தப்பில்லை. பிறகு இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் சிவப்புக் கோடு வரை இழுத்து ஓட்டுங்கள். இந்த இன்ஜினுக்கு அது நல்லது. மறுபடி அளங்கள். எண் மாறவில்லை என்றால் இன்னொரு பாட்டில் வாங்காதீர்கள். அபெக்ஸ் சீலோ ஹவுசிங்கோ தேய்ந்ததை எந்தத் திரவமும் வளர்க்காது.

காலையில ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் ஒரு ரோட்டர் மிஸ் ஆகுது, வெள்ளைப் புகை, அப்புறம் சரியாயிடுது. கம்ப்ரஷன் நம்பர் ஆறும் நல்லா இருக்கு.

கூலண்ட் சீல். ஹவுசிங்குகளுக்கு நடுவில் தண்ணீரை அடைக்கும் ரப்பர் வளையம் விட்டுப்போய், நிறுத்திய வண்டியில் இரவு முழுக்கக் கூலண்ட் அறைக்குள் கசிந்திருக்கிறது. கூலண்ட் டேங்கில் குமிழி வருகிறதா, அளவு குறைகிறதா பாருங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் இதைக் காட்டாது. கூலிங் சிஸ்டத்துக்கு அழுத்தம் ஏற்றி வைத்துப் பார்க்கும் டெஸ்ட் காட்டும். உறுதியானால் இன்ஜினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதிகமாகச் சூடேற்றி ஓட்டிய வண்டிகளுக்கு வரும் நோய் இது.

ரீபில்டு செஞ்சு 300 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. எல்லா முகமும் 650தான். ஏமாத்திட்டாங்களா?

இப்போதே சொல்ல முடியாது. புதுச் சீல்கள் ஹவுசிங்கோடு படிய நேரம் வேண்டும். 1,500 கிலோமீட்டர் பக்குவமாக ஓட்டிவிட்டு அளந்தால் எண் ஏறியிருக்கும். ஆறும் சமமாக இருப்பது நல்ல அறிகுறி.

அப்போதும் ஏறவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்வி: ஹவுசிங்கை மாற்றினார்களா, பழையதிலேயே புதுச் சீல் போட்டார்களா? உள்சுவரின் குரோம் பூச்சு உரிந்த ஹவுசிங்கில் எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் பயனில்லை. வேலை கொடுக்கும் முன்பே இதைக் கேட்டு, அளந்த கணக்கை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

வாங்கப்போற வண்டிக்கு ஒரு வொர்க்ஷாப்ல "கம்ப்ரஷன் பாஸ்"னு மட்டும் எழுதித் தந்திருக்காங்க. நம்பலாமா?

நம்ப வேண்டாம். ஆறு எண்கள், இரண்டு ரோட்டருக்கும் தனித்தனி ஆர்பிஎம், இன்ஜின் சூடாக இருந்ததா, எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டரில் எடுத்தது, இவ்வளவும் தாளில் இருக்க வேண்டும். தேதி ஆறு மாதத்துக்கு முந்தையது என்றால் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள், செலவை நீங்களே ஏற்றுக்கொண்டாலும் பரவாயில்லை. விற்பவர் மறுத்தால், தேய்ந்த இன்ஜினுக்குரிய விலையையே பேசுங்கள்.

நேரில் பார்க்கப் போகும்போது வண்டியைக் குளிர்ந்த நிலையில் வைத்திருக்கச் சொல்லி ஒரு முறை ஸ்டார்ட் செய்யுங்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு அணைத்து, பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். "பேட்டரி கொஞ்சம் வீக்" என்று விற்பவர் அப்போது சொன்னால், உங்கள் பூஸ்டரை மாட்டி இன்னொரு முறை அடித்துப் பாருங்கள்.